குறை மலையிலா, பெட்டியிலா?

காயலான் கடைக் கருவி சொல்லும் தீர்ப்பு

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். காவடி எடுத்து வரும் பக்தர்கள் அத்தனை படிகளையும் ஏறிவிடுகிறார்கள். ஆனால், சில ரேடியோ அலைகளுக்கு அந்த மலையைத் தாண்டுவது பெரும்பாடு!

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் மங்கிவிடும். சிற்றலை அப்படி அல்ல. அது மேலே போய், வானத்தில் உள்ள மின் அடுக்கில் பட்டுத் திரும்பி, வெகு தூரத்தில் இறங்கும்.

"ஹாம்" என்றால் யார்?

பணத்துக்காக அல்லாமல், ஆசைக்காக ரேடியோ நிலையம் வைத்துப் பேசுகிறவரை "ஹாம்" என்பார்கள். 12 வயது ஆனவர்கள், மத்திய அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெறலாம்.

திருத்தணி மலை அடிவாரத்தில் ஒரு ஹாம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை நண்பரின் குரல் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. குறை மலையிலா? அவர் கையால் செய்த பெட்டியிலா? யார் தீர்ப்புச் சொல்வது?

அளந்து கொடுக்கும் கருவி

தீர்ப்புச் சொல்வது "சிக்னல் ஜெனரேட்டர்". எந்த அலை வேண்டும், எவ்வளவு பலத்தில் வேண்டும் என்று திருகி வைத்தால், அதை அளந்து கொடுக்கும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மைக்ரோவோல்ட் கொடுத்துப் பார்க்கிறார். பெட்டியில் தெளிவாகக் கேட்கிறதா? அப்படியானால் பெட்டி நிரபராதி! ஏரியலையோ கம்பியையோ மலையையோதான் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியைச் சோதிக்க "லெவல் மீட்டர்" உதவும். கம்பியின் ஒரு முனையில் ஜெனரேட்டர். மறு முனையில் மீட்டர். வழியில் எவ்வளவு குறைந்தது என்பதை டெசிபல் கணக்கில் மீட்டர் காட்டும். 3 டெசிபல் குறைந்தால், சக்தியில் பாதி போயிற்று என்று பொருள். மடையில் திறந்துவிட்ட தண்ணீரில் பாதி வாய்க்காலிலேயே வற்றிவிட்ட மாதிரிதான்!

பட்டாளம் கழித்த பெட்டி

இத்தகைய கருவிகள் புதிதாக வாங்கினால் விலை அதிகம். பழையதாக வந்தபோதுதான் ஏழை ஹாமுக்கும் எட்டின.

1939-ல் யுத்தம் மூண்டதும், இந்திய ஹாம்கள் தங்கள் கருவிகளைப் போலீசாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு மறுபடியும் உரிமம் கிடைத்தது. அதே சமயம், பட்டாளம் கழித்துவிட்ட கருவிகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன.

அமெரிக்கப் பட்டாளத்தின் "பி.சி. 221" அவற்றில் பேர் பெற்றது. அலைவரிசையைத் துல்லியமாகக் காட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்கென்றே தயாரித்த அட்டவணைப் புத்தகம் உண்டு. ஒரு பெட்டியின் புத்தகம் இன்னொரு பெட்டிக்கு உதவாது!

லெவல் மீட்டர்களில் பல, டெலிபோன் இலாகாக்களில் இருந்தவை. அந்தக் காலத்தில் ஒரே கம்பியில் பல பேச்சுகள், வெவ்வேறு அலைவரிசையில் போகும். அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்து அளக்க இந்த மீட்டர் தேவைப்பட்டது. கண்ணாடி இழைக் கம்பி வந்த பின், இவற்றுக்கு வேலை போயிற்று. ஹாம் வீட்டில் வேலை கிடைத்தது! ஆனால், இவற்றில் பல சிற்றலை வரைதான் அளக்கும் என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும்.

வேலி தாண்டக் கூடாது

சோதனை வெறும் பொழுதுபோக்கு அல்ல. சிற்றலையில் ஹாம்களுக்கு உள்ள ஓர் இடம் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை. கையால் செய்த பெட்டி சற்றே நழுவி 7200-ஐத் தாண்டினால், பிற நாட்டு ஒலிபரப்புகளின் மேல் விழும். வேலி எங்கே என்று காட்டுவது அளவுக் கருவிதான்.

பழைய கருவி வாங்குவோர் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. சுவிட்சைப் போட்டு, அரை மணி நேரம் சூடேறவிட்டு அளக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். கை வைக்கக் கூடாது. பேசும் பெட்டியோடு ஜெனரேட்டரை இணைத்திருக்கும்போது, பேசும் பித்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஜெனரேட்டர் கருகிவிடும்!

அந்த நாள் வந்தால்...

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். அந்தமானில் டெலிபோன் தொடர்பு அறுந்தது. ஹாம் ரேடியோவில் பேசுவதற்காக அப்போது போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும், அவருடன் வந்த ஹாம்களும் செய்திகளை அனுப்பினார்கள். தீவுகளில் இருந்தோரின் நலம், கரையில் தவித்த உறவினர்களுக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. அன்று உட்கார்ந்து பெட்டியைச் சோதிக்க நேரமும் இராது. இன்றே அளந்து, குறை தீர்த்து வைத்த பெட்டிதான் அன்று பேசும்.