குவைத்தில் கோடை முடியும் மாதம்: நம் பிள்ளைகளின் வீட்டு வேலையும் அந்த வீட்டுச் செலவும்



செப்டெம்பர் மாதம் வந்தால் நமது நலன்புரிக் காரியாலயத்துக்குத் தாய்மாரும் தகப்பன்மாரும் ஒரே முறைப்பாட்டோடு வருகிறார்கள். "குவைத்துக்குப் போன மகள் இந்த மாசம் சரியா பேசல்லைங்க. எடுத்தாலும் ரெண்டு வார்த்தையோட வச்சிடுறா. காசும் வரல்ல. எங்கள மறந்துட்டாளோ?" என்று கேட்கிறார்கள். மறந்துவிட்டாள் என்று நாமே முடிவு கட்டுவதற்கு முன், அந்த மாதத்தில் அங்கே ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 ஆம் திகதி 53.9 பாகை பதிவானது. சுஹைல் என்ற நட்சத்திரம் விடியற்காலையில் தெற்கே தெரிய ஆரம்பித்தால் கோடை இறங்குகிறது என்று அந்நாட்டார் சொல்வார்கள். அது ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முற்பகுதி. ஆனால் செப்டெம்பரிலும் பகலில் 40 பாகைக்கு மேல் போகும். அதோடு கடல் ஈரமும் சேர்ந்து வருவதால் வியர்வை காயாது. உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும்.

நமக்குப் பீலியில் எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர். அங்கே கடல் தண்ணீரை உப்பு நீக்கித்தான் குழாயில் விடுகிறார்கள். அது மொட்டைமாடித் தாங்கியில் நின்று வெயிலில் கொதித்துவிடும். பகலில் குழாயைத் திறந்தால் கை சுடும். அதனால் கோடையில் சுடுதண்ணீர் இயந்திரத்தை நிறுத்தி வைத்து, வீட்டுக்குள் இருக்கும் அதன் தாங்கியில் ஆறிய தண்ணீரைப் பாவிக்கும் பழக்கம் உண்டு. போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கோடையில் வெளிநாடு போன குடும்பங்கள் பாடசாலை திறப்பதற்கு முன் திரும்புகின்றன. அப்போதுதான் வேலை குவியும். மாதக்கணக்கில் பூட்டியிருந்த அறைகளில் தூசு தட்ட வேண்டும். ஏசி வடிகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஜன்னல், முற்றம், மொட்டைமாடி எல்லாம் மணல். பிரயாணப் பெட்டிகளில் வந்த உடுப்பு மலைபோல் கிடக்கும். பாடசாலை திறந்த பின் விடியுமுன் எழும்பிச் சீருடை அழுத்தி, சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும். இரவு விருந்தாளி வந்தால் படுக்க நடுச்சாமம் ஆகும். மகள் ரெண்டு வார்த்தையில் பேச்சை முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, குளோரக்ஸ் என்று சொல்லும் வெளுப்புத் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றுவது. அதிலிருந்து வரும் நச்சுப்புகை நெஞ்சை அடைத்துவிடும், உயிருக்கும் ஆபத்து. இரண்டாவது வெயில். தலையிடி, மயக்கம், வாந்தி, கால் இழுப்பு வந்தால் வேலையை நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் இருந்து, ஜீவனி கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழம்பினால் உடனே உடம்பை நனைத்து 112 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். வெளிவேலைகளை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பின்போ செய்யலாமா என்று வீட்டம்மாவிடம் தன்மையாகக் கேட்கலாம்.

இனிச் செலவு. ஏசி இரவு பகலாக ஓடினாலும் அந்நாட்டவர் வீடுகளுக்கு மின்சாரம் ஒரு அலகு 2 பில்ஸ்தான். 1000 பில்ஸ் ஒரு தினார். ஆகவே கையைக் கடிப்பது மின்சாரம் அல்ல. பிரயாணச் செலவும், பிள்ளைகளின் சீருடை, புத்தகப்பை, கொப்பிகளும்தான். "இந்த மாதம் செலவு கூட, சம்பளத்தை அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்று சில வீடுகளில் சொல்வது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் அந்த வீட்டுச் செலவுக்கு நம் பிள்ளையின் சம்பளம் பொறுப்பல்ல. குவைத்தில் 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே வந்தது. மாத முடிவில் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலை ஆகியவை அதில் உள்ளன. சாப்பாடு, உடுப்பு, மருந்து, தங்குமிடம் எல்லாம் எசமானின் செலவு. பாஸ்போட்டை எசமான் பிடித்து வைக்கக் கூடாது. ஆகக் குறைந்த சம்பளம் 60 தினார் என்று 2016 இல் தீர்மானிக்கப்பட்டது. சட்டத்தில் இருப்பதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

வீட்டில் இருக்கும் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. சடங்கு, சீட்டுக்காசு, வீடு திருத்தும் வேலை என்று பெரிய செலவுகளை இந்த மாதத்துக் காசை நம்பி வைக்காதீர்கள். மகள் பேசினால் காசுக் கதையை முதலில் எடுக்காமல், "உடம்பு எப்படி? எத்தனை மணிக்குப் படுக்கிற? சம்பளம் கையில வந்துச்சா?" என்று கேளுங்கள். சம்பளம் வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒப்பந்தம், பாஸ்போட் ஆகியவற்றின் பிரதிகளும் வீட்டுக்காரரின் விலாசமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

சம்பளம் வராமல் மாதம் கடந்தாலோ, பேச்சே இல்லாமல் போனாலோ ஏஜென்சிக்காரரை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். எப்படிப் பேசுவது என்று தயங்கினால் கொப்பியையும் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வாருங்கள். முறைப்பாட்டை எழுத நாங்கள் உதவுவோம்.