கேட்ட பிறகு தண்டியுங்கள்

மக்களவைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் உறுப்பினர் சபாநாயகர் இருக்கையை நோக்கித் தலைவணங்க வேண்டும். ஒருவர் பேசும்போது அவருக்கும் சபாநாயகருக்கும் குறுக்கே போகக் கூடாது. அவை அலுவலுக்குச் சம்பந்தமில்லாத செய்தித்தாளைப் பிரித்துப் படிக்கக் கூடாது. நடைமுறை விதிகளில் 349-வது விதி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது. அதே புத்தகத்தில் நெறிமுறைக் குழு பற்றிய பகுதிக்கு வந்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. நெறிதவறிய நடத்தை எது என்பதற்கு அங்கே வரையறை இல்லை. எது தவறு, எது பெருந்தவறு என்பதைச் சபாநாயகர் நியமிக்கும் குழு அந்தந்த நேரத்தில் முடிவு செய்கிறது.

அதன் விளைவை 2023 டிசம்பர் 8 அன்று பார்த்தோம். மக்களவை உறுப்பினர் மஹுவா மொய்த்ராவைப் பதவி நீக்கப் பரிந்துரைத்த நெறிமுறைக் குழு அறிக்கை நண்பகலில் தாக்கலானது. இரண்டு மணிக்கே விவாதம். படிக்க அவகாசம் கேட்ட எதிர்க்கட்சிகளுக்கு அது கிடைக்கவில்லை. நாடாளுமன்ற இணையதளத்துக்கான கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை மொய்த்ரா ஒப்புக்கொண்டார், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகச் சொன்னதை மறுத்தார். எதிராகப் பிரமாணப் பத்திரம் கொடுத்த தொழிலதிபரைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு தரவில்லை. அன்று அவையில் பேசவும் அனுமதி இல்லை. குரல் வாக்கெடுப்பில் பதவி போனது.

அவர் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. 1951-ல் இதே நாடாளுமன்றம் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். பம்பாய் தங்க, வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் ஆதாயம் பெற்று அவர்களுக்காகக் கேள்வி எழுப்பியதாக உறுப்பினர் எச்.ஜி.முட்கல் மீது குற்றச்சாட்டு. டி.டி.கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு விசாரித்தது. வழக்கறிஞர் துணையோடு முட்கல் தன் தரப்பை வைத்தார். பதவி நீக்கத் தீர்மானத்தை நேரு கொண்டுவந்தபோது முட்கல் அவையிலேயே பேசினார். பேசி முடித்து ராஜினாமா கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் வாசகமே அவமதிப்பு, அது குற்றத்தை இன்னும் கூட்டுகிறது என்று அவை தீர்மானம் போட்டது. பேசவிட்டதால் அவர் தப்பிவிடவில்லை. தீர்ப்புக்குத்தான் கூடுதல் வலு வந்தது.

அந்த வழக்கத்தை 2005-ல் கைவிட்டார்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கி ரகசிய கேமராவில் சிக்கிய பத்து மக்களவை உறுப்பினர்களை நீக்கியபோது, அவையில் விளக்கம் சொல்ல அவர்களை அனுமதிக்கவில்லை. மொய்த்ராவைத் தடுக்க 2023-ல் அந்த முன்னுதாரணத்தைத்தான் காட்டினார்கள்.

இடைநீக்கத்திலும் இதே அவசரம்தான். 374-வது விதிப்படி சபாநாயகர் பெயர் குறிப்பிட்டதும் தீர்மானம், உடனே வாக்கெடுப்பு. 2023 டிசம்பர் 14 அன்று இப்படி வந்த பட்டியலில் சேலம் தி.மு.க. உறுப்பினர் எஸ்.ஆர்.பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவைக்கே வரவில்லை! ஆள் மாறிவிட்டது என்று சொல்லிப் பிறகு பெயரை எடுத்தார்கள். யாராவது ஒருவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

மாநிலங்களவையில் நடத்தை நெறிகள் எழுத்தில் இருக்கின்றன. உறுப்பினர்களின் தொழில், பண நலன்களுக்கான பதிவேடும் உண்டு. மக்களவையிலும் இவை இரண்டும் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளைக் கேள்வி கேட்கவும், அவையில் பதில் சொல்லவும், அறிக்கைக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கவும் விதி வேண்டும். இதற்கு அரசியல் சாசனத்தைத் திருத்தத் தேவையில்லை. விதிகள் குழு பரிந்துரைத்து, அவை ஏற்றாலே போதும்.