நிற்கும் உழைப்பும் நாளப் புடைப்பும்: வைத்தியரை நாடவேண்டிய காலம் பற்றிய ஒரு நோக்கு

காலில் நீலநிறமாய் முறுக்குண்டு புடைத்துத் தோன்றும் குழாய்களைப் பேச்சுவழக்கில் 'நரம்புச் சுருட்டு' என்பர். இச்சொல்லே ஒரு மயக்கத்துக்கு இடமளிக்கின்றது. உணர்வைக் கடத்தும் நரம்பு, குருதிக் குழாய், தசைநாண் ஆகிய மூன்றையும் 'நரம்பு' என்ற ஒரே சொல்லாற் சுட்டுவது நமது வழக்கு. ஆதலின் இந்நோயை நரம்புத் தளர்ச்சியெனக் கருதி எண்ணெய் தேய்ப்போரும், வயதின் இயல்பெனப் பொறுத்திருப்போரும் பலராவர். உண்மையில் இது நாளங்களின் நோய். இதற்கு எப்பொழுது வைத்தியரை நாடவேண்டும் என்ற வினா மருத்துவ வினா மட்டுமன்று, உழைப்போரின் வாழ்நிலை பற்றிய வினாவுமாகும்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். காலிலுள்ள குருதி புவியீர்ப்பை எதிர்த்து இதயத்தை அடைதல் வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றன. நாளங்களினுள் அமைந்த வால்வுகள் அது மீண்டும் கீழிறங்காது தடுக்கின்றன. நாள வால்வுகளின் இப்பணியினை வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அசையாது நிற்பவரின் தசைகள் இவ்வாறு இயங்குவதில்லை. குருதி தேங்கி அழுத்தம் மிகும். வால்வுகள் சரிவர மூடாத நிலையில் நாளங்கள் விரிந்து நெளியும். பரம்பரை, கருத்தரிப்பு, வயது, உடற்பருமன் என்பனவும் இதிற் பங்குகொள்வதால், தொழில் ஒன்றே காரணம் என வாதிப்பது பொருந்தாது. எனினும் டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு மனங்கொள்ளத்தக்கது. வேலைநேரத்தின் முக்காற்பங்கையேனும் நின்றோ நடந்தோ கழித்த பெண்கள், ஏனைய பெண்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அதிகமாக இந்நோய்க்கென வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர்.

புடைப்பு கண்ணுக்குத் தெரிவதனால் மட்டும் அஞ்சவேண்டியதில்லை. ஆயின் மாலையிற் கால் கனத்தல், வலி, அரிப்பு, கணுக்கால் வீக்கம் ஆகியன தொடருமாயின் வைத்தியரைக் காண்பது நன்று. கணுக்காலைச் சூழ்ந்த தோல் கருமையுறுதல், தடித்து இறுகுதல், நாளம் ஒன்று சிவந்து கயிறுபோற் கெட்டியாகி நோதல் என்பன காலந்தாழ்த்தலாகாது என்பதற்கான அறிகுறிகள். முழங்காலுக்குக் கீழே தோன்றிய புண் இரு வாரங்களில் ஆறாதிருப்பின், அதனை வீட்டு மருந்தால் மூடிவைத்தல் தவறு.

உடனடியாகச் செயற்படவேண்டிய நிலைகளும் உள. புடைத்த நாளம் உடைந்து குருதி பெருகின் நோயாளியைப் படுக்கவைத்து, காலை இதயமட்டத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்தவாறே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவெடுப்பின் ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருக்கக்கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் மூச்சுத்திணறலும் நெஞ்சுநோவும் ஏற்படும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

காலந்தாழ்த்தாமையின் பயனை அண்மைக்கால ஆய்வொன்று நிறுவியுள்ளது. பிரித்தானியாவில் நாளப்புண் கொண்ட 450 பேரிடையே நடத்தப்பெற்று 2018இல் வெளியான அவ்வாய்வில், அழுத்தக் கட்டுடன் நாளத்துக்கான சிகிச்சையையும் விரைவிற் பெற்றோரின் புண் ஆறுவதற்கு இடைநிலை அளவாக 56 நாட்கள் சென்றன. அச்சிகிச்சை பிற்போடப்பட்டோர்க்கு 82 நாட்கள் சென்றன. லேசர் அல்லது வெப்பத்தால் நாளத்தை உள்ளிருந்தே மூடும் முறைகள் இன்று உள்ளமையால், எல்லோர்க்கும் பெரிய சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. அழுத்தக் காலுறையைத் தாமாகவே வாங்கி அணிவது மட்டும் உசிதமன்று. காலின் நாடிகளிற் குருதியோட்டம் போதியதா என வைத்தியர் முன்னரே சோதித்தல் வேண்டும்.

இனி, இவ்வறிவு யாருக்குப் பயன்படும் என்பதை நோக்குவோம். தமிழ்நாட்டுப் புடைவைக் கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோரின் வாழ்வினை 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் கருப்பொருளாக்கியது. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரும் உரிமை அத்தொழிலாளர்க்கு இருக்கவில்லை. கேரளத்தில் கடைப் பணிப்பெண்களின் போராட்டத்தைத் தொடர்ந்து 2018இல் அவ்வுரிமை சட்டமாயிற்று. 2021இல் தமிழ்நாடும் தனது கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வழங்குதலைக் கட்டாயமாக்கியது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதே உழைப்புச் சக்தியை விலைக்கு வாங்குவோர் உழைப்பவரின் உடலை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை உணர்த்தும்.

அரச வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை நிலவும் எமது நாட்டிலும், கிளினிக்குக்குச் செல்லும் நாளிற் கூலியை இழக்கும் தொழிலாளி அப்பயணத்தைப் பிற்போடவே செய்வார். தோல் கறுத்தபோது வரவேண்டியவர் புண் புரையோடியபின் வருவதற்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுதல் நியாயமன்று. ஆகவே நோயின் அறிகுறிகளை மக்கள் மொழியில் எடுத்துரைப்பதும், இருக்கைக்கும் ஓய்வுக்கும் சம்பளத்துடனான மருத்துவ விடுமுறைக்கும் குரல்கொடுப்பதும் ஒரே பணியின் இரு கூறுகளாகும். அவற்றுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை நாம் முழுமையாக நிறைவேற்றுதல் இயலாது.