மதுரைப் புது மண்டபம்: ஒரு பழைய அங்காடி தரும் பாடம்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

சங்க அங்கத்தினர்கள் ஒன்றுகூடிச் சுற்றுலா செல்லும் நல்வழக்கம் நம் செங்கற்பட்டு வட்டாரத்தில் சில சங்கங்களில் உண்டு. அவர்கள் வகுக்கும் பட்டியலில் கோயில் இருக்கும், அணைக்கட்டு இருக்கும், அரண்மனையும் இருக்கும். அங்காடி மட்டும் இராது. பொருள் வாங்க அங்காடிக்குப் போவோமேயன்றி, அங்காடியைப் பார்ப்பதற்கென்றே போவது நமக்குப் பழக்கமில்லை. ஆயினும், விளைத்ததையும் நெய்ததையும் விற்றுப் பிழைக்கும் நமக்கு ஒரு பழைய அங்காடி சொல்லக்கூடிய செய்திகள் பல. மதுரை செல்லும் அங்கத்தினர்கள் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புது மண்டபத்தை அந்த நோக்குடன் காண வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மண்டபம் எழுந்த வரலாறு

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் இம்மண்டபத்தைக் கட்டுவித்தார். வசந்த விழாவின்போது இறைவனும் இறைவியும் வெயில் தணிய எழுந்தருளுவதற்காக அமைந்தமையால் இதற்கு வசந்த மண்டபம் என்ற பெயரும் உண்டு. ஏறத்தாழ 330 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்ட இம்மண்டபத்தின் கற்கூரையை 120-க்கும் மேற்பட்ட தூண்கள் தாங்குகின்றன. விழா நாட்களில் சுற்றிலும் நீரைத் தேக்கி மண்டபத்தைக் குளிர்விக்கும் ஏற்பாடும் இருந்தது.

தூண்களிலே திருமலை நாயக்கர் உட்பட நாயக்க மன்னர்களின் உருவங்களைக் காணலாம். மீனாட்சி திருக்கல்யாணம், கயிலையைத் தூக்கும் இராவணன், கரும்பு தின்னும் கல் யானை ஆகிய சிற்பங்களும் உள்ளன. கல்லில் உளி பிடித்து வாழ்வோர் நிறைந்த மாமல்லபுரத்திலிருந்து செல்பவர்களுக்கு இவற்றின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1792-ல் மதுரைக்கு வந்த டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் இம்மண்டபத்தின் உட்புறத்தை வரைந்து தம் நாட்டாருக்கும் காட்டினர்.

அங்காடியான விதம்

பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் மதுரையில் விளங்கியமையை மதுரைக்காஞ்சி கூறுகிறது. அத்தகைய வணிக நகரில், வெயிலும் மழையும் புகாத இவ்வளவு பெரிய கூரையின் கீழ் வணிகர் வந்து அமர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை. காலப்போக்கில் தூணுக்குத் தூண் கடைகள் ஏற்பட்டன. கோயிலுக்கு வாடகை செலுத்தி, தந்தைக்குப் பின் மகன் என்ற முறையில் பலர் அங்கே தொழில் நடத்தினர்.

பித்தளைப் பாத்திரம், வளையல், பூசைப் பொருள், பஞ்சாங்கம், பள்ளிப் புத்தகம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் என அங்கு விற்ற பண்டங்கள் பல. எனினும் நெசவாளர் நெஞ்சைக் கவர்வது தையற்காரர்களின் வரிசையே. இருபுறமும் சிலைகள் நிற்க, நடுவே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். தெய்வத் திருமேனிகளுக்கான ஆடை, தேரில் தொங்கவிடும் தொம்பை, குடைத் துணி ஆகியவை அங்கே தைக்கப்பட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நேர்த்திக்கடனாக வேடம் புனைவோருக்கு வேண்டிய உடைகளும் அங்கேதான் உருவாயின. அவற்றைத் தைத்தவர்களுள் முஸ்லிம் அன்பர்கள் பலர்.

இந்த அங்காடியின் வலிமை யாது என்று ஆராய்ந்தால், அது எவ்வொரு கடையிலும் தனித்து இல்லை என்பது புலனாகும். துணி வாங்கியவர் பத்தடி நடந்தால் தையற்காரர். அவருக்கு அருகிலேயே சரிகையும் மணியும் விற்பவர். அளவு கொடுத்துவிட்டுக் கோயிலுக்குச் சென்று திரும்புவதற்குள் சிறு வேலைகள் முடிந்துவிடும். செய்பவனும் விற்பவனும் வாங்குபவனும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்த்துப் பேசினர். ஒரு கடை மற்றொரு கடைக்கு வாடிக்கையாளரைக் கொணர்ந்தது. கூட்டுறவு என்ற சொல் அவர்களிடையே வழங்காதிருக்கலாம். அதன் பயனில் ஒரு பகுதியை அவர்கள் அனுபவித்தே வந்தனர்.

கடைகள் வெளியேறிய காரணம்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்ததோடு கற்கூரையும் தூண்களும் சிதைந்தன. கல்லைத் தீ என்ன செய்யும் என்று எண்ணுவது தவறு. கடுஞ்சூட்டில் கல்லின் ஒரு பகுதி மற்றொரு பகுதியினும் மிகுதியாக விரிகிறது. அதனால் வெடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. இதைச் சிற்பத் தொழிலாளர் நன்கறிவர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் பழமையான மண்டபங்களில் கடைகள் இருக்கலாகாது என்ற கருத்து வலுப்பெற்றது. மாநகராட்சி அருகிலேயே குன்னத்தூர் சத்திரம் என்ற வணிக வளாகத்தைக் கட்டியது. 2020-க்குப் பின் புது மண்டபத்து வணிகர்கள் அங்கே மாற்றப்பட்டனர். மண்டபத்தைச் சீரமைக்கும் பணியும் தொடங்கியது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று வினவினால், இரு பக்கமும் உண்டு என்றே சொல்ல வேண்டும். துணியும் காகிதமும் குவிந்த இடத்தில் ஒரு பொறி போதும், நானூறு ஆண்டுச் செல்வம் அழிவதற்கு. ஆணி அடித்தும் பலகை சார்த்தியும் தூண்களை மறைத்துவிட்ட கடைகளை நீக்கிய பிறகே சிற்பங்கள் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. மறுபுறம், கோபுரத்தின் எதிரே தரையோடு தரையாக இருந்த கடைக்கு வழிப்போக்கர் தாமாகவே வருவர். மாடிக் கட்டிடத்தில் உள்ள கடையைத் தேடிச் செல்ல வேண்டும். பத்தடிக்குள் இருந்த துணிக்கடையும் தையற்கடையும் புதிய இடத்தில் அதே அண்மையில் அமையும் என்ற உறுதியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாடகை செலுத்தியிருந்தும், இடம் தமதன்று என்பதால் அவர்கள் நகர வேண்டியதாயிற்று.

பிற இடங்களில் நேர்ந்தவை

சென்னை மூர் மார்க்கெட்டை நம் வட்டாரத்து முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1900-ல் திறக்கப்பட்ட அச்செந்நிறக் கட்டிடத்தில் பழைய புத்தகம் முதல் பறவை, வளர்ப்பு மீன் வரை யாவும் கிடைத்தன. 1985 மே 30-ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் உள்ளது. வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குச் சென்றனர்.

துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரின் மூடு சந்தையோ இன்னும் நிலைத்திருக்கிறது. 1453-ல் அந்நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அதைத் தொடங்கினார். பெரும்பாலும் துணி வணிகத்துக்கென எழுந்த கட்டிடத்தைச் சுற்றி வளர்ந்த அச்சந்தையில் இன்று ஏறத்தாழ 60 தெருக்களும் 4,000 கடைகளும் உள்ளன. தீ விபத்துகள் பல கண்டது. 1894-ல் நில நடுக்கத்திலும் சேதமுற்றது. ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்தது. ஆதியிலிருந்தே அது அங்காடியாகவே கட்டப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும். புது மண்டபமோ வேறு பயனுக்காகக் கட்டப்பட்டு, அங்காடிக்கு இரவல் தரப்பட்ட கூரை.

நம் கடற்கரைக்கு வருவோம்

மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள், 2021-22-ல் தாஜ்மகாலைக் காட்டிலும் மிகுதியான வெளிநாட்டார் மாமல்லபுரத்துக்கு வந்தனர். நோய்த் தொற்றினால் பயணம் குறைந்திருந்த ஆண்டு அது என்பது உண்மையே. ஆயினும் அந்த ஆண்டிலும் அவர்கள் தொகை 1,40,000-க்கு மேற்பட்டது. இப்பயணிகளுக்குத் துணியும் விளைபொருளும் விற்க வேண்டும் என்ற ஆர்வம் நம் சங்கங்களில் எழுவது இயல்பே.

ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னிடம், “ஏன் ஐயா, கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலே ஒரு கடை போட்டால் அன்றாடம் காசு பார்க்கலாமே, தூரத்தில் சொந்த இடம் வாங்கினால் யார் வரப்போகிறார்கள்?” என்று கேட்டார். “பெரியவரே, காசு பார்ப்பதற்குக் கடை போடுங்கள், ஆனால் சங்கத்தின் முதலை அந்த மண்ணில் புதைக்காதீர்கள்” என்றேன். அதன் விளக்கத்தை இங்கே தருகிறேன்.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டிடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியற் சட்டம் இவ்வாறு விதிக்கிறது. எனவே சின்னத்தின் அருகே நாம் வைக்கும் எந்தக் கடையும் என்றேனும் நகரக் கூடியதே. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாட்டிய விழாவுக்குப் பயணிகள் திரளும்போது, எடுத்துச் செல்லத்தக்க தற்காலிகக் கடையை உரிய அனுமதியுடன் நடத்தலாம். அதில் வரும் ஆதாயத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் கட்டிட நிதியில் சேர்க்க வேண்டும். விலக்கப்பட்ட எல்லைக்கு வெளியே, பேருந்து வழியில், சங்கத்தின் பெயரால் பத்திரம் பதிந்த நிலம் சிறிதாயினும் வாங்க வேண்டும்.

அடுத்து, அக்கூரையின் கீழ் துணியை மட்டும் அடுக்கி வைத்தலாகாது. ஒரு தறி ஓடட்டும். அருகே ஒரு தையற்காரர் அமரட்டும். பக்கத்துச் சங்கத்தின் வேர்க்கடலைக்கும் அரிசிக்கும் ஒரு மூலை ஒதுக்கப்படட்டும். புது மண்டபத்தை வாழ்வித்த அண்மை அதுவே. தனிச் சங்கத்தால் இயலாதெனில் இரண்டு மூன்று சங்கங்கள் கூடலாம். தீயணைப்புக் கருவியும் காப்பீடும் கடை திறக்கும் நாளிலேயே இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமோ?

மதுரைக்குச் செல்வோர் செய்ய வேண்டியது

மதுரை செல்லும் விரைவு வண்டிகள் பல செங்கற்பட்டில் நிற்கின்றன. அங்கே சென்று மண்டபத்தின் சிற்பங்களை மட்டும் கண்டு திரும்பிவிடாமல், குன்னத்தூர் சத்திரத்துக்கும் செல்லுங்கள். தையற்காரரிடம் ஏதேனும் ஒன்று வாங்கிய பிறகு பேச்சுக் கொடுங்கள். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் வாடகை எவ்வளவு வேறுபாடு, பழைய வாடிக்கையாளர் தேடி வருகின்றனரா, துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டறியுங்கள். மதுரைச் சுங்குடிச் சேலை நெசவாளரின் விற்பனை நிலையத்தையும் கண்டு விலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அக்குறிப்புகளை நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள்.

1904-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோது, நாட்டின் முதற் சங்கங்களுள் ஒன்று அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. கடனுக்குப் பிறர் வாசலில் நில்லாதிருக்க அன்று உழவர்கள் ஒன்றுகூடினர். விற்பனைக்குப் பிறர் கூரையில் ஒதுங்காதிருக்க இன்று நாம் கூட வேண்டும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் கட்டிட நிதியைப் பற்றிய தீர்மானம் ஒன்றைச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.