வீட்டில் செய்யும் ஸ்டீரியோ கட்டிங் ஹெட்: கஷ்டம் எங்கே இருக்கிறது?

இசைத்தட்டு வெட்டும் லேத்துக்கு ஸ்டீரியோ ஹெட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். நானும் தூத்துக்குடியில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனிகள் இரண்டு பெரிய காந்தம், நாலு காயில் என்று வைத்துச் செய்ததை நாம் இரண்டு சின்ன எக்ஸைட்டர் ஸ்பீக்கரை வைத்துச் சமாளிக்கலாம். காயில் பொருத்துவதில் கஷ்டமே இல்லை. ஊசி மேலும் கீழும் போவதை அடக்குவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அது ஏன் என்று குறித்து வைக்கிறேன்.

ஒரே பள்ளம், இரண்டு சுவர்

மோனோ தட்டில் ஊசி இடமும் வலமும் மட்டும் ஆடும். பள்ளத்தின் ஆழம் மாறாது. 1931 டிசம்பரில் ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 394325. V வடிவப் பள்ளத்தின் இரண்டு சுவருக்கும் நடுவே 90 டிகிரி இருக்கிறது இல்லையா, ஆளுக்கொரு சுவரைக் கொடுத்துவிட்டால் போதும் என்பது அவர் யோசனை. உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது. 1942ல் ரேடார் சோதனை விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். வெஸ்ட்ரெக்ஸ் கம்பெனி இதே முறையை 1957ல் அறிமுகப்படுத்திய பிறகுதான் ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது.

இதன் கணக்கு ரொம்ப எளிது. இரண்டு சேனலிலும் ஒரே ஒலி வந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். இரண்டும் எதிரெதிராக வந்தால் மேலும் கீழும் ஆடும். அதாவது இடமும் வலமும் கூட்டினால் பக்கவாட்டு, கழித்தால் செங்குத்து.

கப்பல் ஹாரனை வெட்டினால்

நம்ம துறைமுகத்துக் கப்பல் ஹாரனையே எடுத்துக்கொள்வோம். 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் சுமார் 3.5 மீட்டர். கரையில் இரண்டு மைக்கை 1.75 மீட்டர் இடைவெளியில், கப்பலைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஒன்றில் ஒலி ஏறும்போது மற்றதில் இறங்கும். அவ்வளவும் செங்குத்து அசைவாகிவிடும்.

இதில் என்ன ஆபத்து? 1000 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம் என்பது வழக்கமான அளவு. ஆர்.ஐ.ஏ.ஏ. விதிப்படி 100 ஹெர்ட்ஸை 13 டெசிபல் குறைத்துத்தான் வெட்டுவோம். அப்படிக் குறைத்தும் ஊசி சுமார் 18 மைக்ரான் மேலும் கீழும் போகும். 50 மைக்ரான் அகலப் பள்ளத்தின் ஆழமே 25 மைக்ரான்தான். ஒலியை இரட்டிப்பாக்கினால் 35 மைக்ரான் ஆகிவிடும். ஊசி தட்டை விட்டே மேலே வந்துவிடும், அந்த இடத்தில் பள்ளமே இருக்காது.

இதை ஹெட்டில் தேடினால் கிடைக்காது. வெட்டும் முன்பே கம்ப்யூட்டரில் கழித்தல் பகுதியை மட்டும் எடுத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட வேண்டும். கப்பல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது கெட்டுவிடாதா? பெரிதாகக் கெடாது. காது திசையைப் பிடிப்பது பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில்தான், ஹாரனில் அவை நிறையவே உண்டு.

கம்பியும் எடையும்

இரண்டு டிரைவரும் 45 டிகிரி சாய்ந்து ஒரே ஊசியைத் தள்ளுகின்றன. ஒன்று தள்ளும்போது இன்னொன்றின் கம்பி வழிவிட வேண்டும். அதனால் இணைப்புக் கம்பி நீளவாக்கில் விறைப்பாகவும் பக்கவாட்டில் வளைவதாகவும் இருக்கணும். மெல்லிய ஸ்டீல் தந்தி இதற்குச் சரி. ரொம்ப நீளமாக வைத்தால் துவண்டுவிடும். நம்ம ஊர் உப்புக்காற்றில் துருப் பிடிக்கும் என்பதால் எண்ணெய்ப் பூச்சும் கட்டாயம்.

அடுத்தது எடை. அசையும் பகுதி 3 கிராம் என்றால், மேலே சொன்ன 1000 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுமார் 1 நியூட்டன் விசை போதும். 10000 ஹெர்ட்ஸில் ஆர்.ஐ.ஏ.ஏ. ஏற்றத்தையும் சேர்த்தால் 45 நியூட்டன் ஆகிறது! காயில் கருகிப்போகும். நாய்மன் போன்ற பெரிய ஹெட்டுகளிலேயே ஹீலியம் வாயு செலுத்திக் காயிலைக் குளிர்விக்கிறார்கள். நல்லவேளை, இசையில் உச்ச ஒலிகள் அந்த அளவுக்கு வருவதில்லை. நாம் எடையைக் குறைத்து, மேல் ஒலியை அடக்கி வெட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது, ரெசொனன்ஸ். ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஹெட் தானாகவே துள்ளும். வெஸ்ட்ரெக்ஸ் தனியாக ஒரு ஃபீட்பேக் காயில் வைத்து இதை அடக்கியது. நாம் ரப்பரை வைத்து முதலில் அந்தத் துள்ளலை மழுக்கணும், மிச்சத்தை அளந்து சாஃப்ட்வேர் ஃபில்டரில் சரிசெய்யணும். ஒரு சேனல் மற்றதில் கசிந்தால், இரண்டுக்குப் பதில் நாலு ஃபில்டர் தேவைப்படும்.

இரண்டு சோதனை

முதலில் இரண்டு சேனலுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்து வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் பாருங்க. பள்ளம் ஒரே அகலத்தில் நெளிந்தால் சரி. அகலம் பெருத்துச் சிறுத்தால் ஒரு காயிலின் வயர் தலைகீழாக இருக்கிறது. அடுத்து இடது சேனலுக்கு மட்டும் ஒலி கொடுங்க. உள்சுவர் மட்டும் நெளியணும். வெளிச்சுவரும் நெளிந்தால் கசிவு, கம்பி இணைப்பைப் பாருங்க.

இந்த இரண்டும் தேறாமல் பாட்டு வெட்ட உட்காராதீங்க. தட்டுதான் வீணாகும்.