பிரம்பு வேண்டாம்... ஒரு ‘சபாஷ்’ போதும்! நாய்க்குட்டிக்குத் திண்ணையிலேயே பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன், புத்தகப் பையோடு ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு வருவது சுவாமிமலைப் பக்கத்துக்குப் புதிதல்ல. வாய்க்கால் மதகு ஓரத்திலோ, வைக்கோல் போர் அடியிலோ நாட்டு நாய் ஒன்று குட்டி போட்டிருக்கும். அதில் ஒன்று வாலை ஆட்டியிருக்கும். அவ்வளவுதான்.

“இதை யாருடா பார்த்துக்கிறது?” என்று அம்மா சத்தம் போடுவார். “கெடக்கட்டும் விடும்மா, கொல்லைக்குக் காவலாச்சு” என்று அப்பாயி சிபாரிசு செய்வார். குட்டி வீட்டுக்குள் வந்துவிடும்.

முதல் நாள் கொஞ்சல். இரண்டாம் நாள் ராத்திரி முழுக்க முனகல். மூன்றாம் நாள் கூடத்தில் ஈரம். நான்காம் நாள் அப்பாவின் புதுச் செருப்பு காலி. ஐந்தாம் நாள் பையனின் விரலில் பல் பதிந்திருக்கும். “அடியாத மாடு படியாது” என்று யாராவது ஒரு குச்சியை எடுப்பார்கள்.

அந்தக் குட்டியின் தலையெழுத்து முடிவாவது இந்த இடத்தில்தான். ஒரு வருடம் கழித்து அது கொல்லையில் குட்டைச் சங்கிலியில் கட்டிக்கிடக்கும். பால்காரரைப் பார்த்தாலும் பாயும், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் பாயும். ஒருநாள் யாரையாவது கடித்துவிட்டால், சாக்கில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். 2025இல் தெருநாய்ப் பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே விவாதித்தது. தெருவில் திரியும் நாய்களில் இப்படி வீட்டிலிருந்து துரத்தப்பட்டவையும் உண்டு என்பதை யாரும் அதிகம் பேசவில்லை.

இத்தனைக்கும் அந்தக் குட்டி பிழைத்து வந்ததே பெரிய விஷயம். மேற்கு வங்கத்தில் தெருவில் பிறந்த 364 குட்டிகளை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை எட்டியவை வெறும் 19 சதவீதம். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம்.

மெழுகு இளகியிருக்கும்போதே...

சுவாமிமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஐம்பொன் சிலை செய்யும் பட்டறையில் முதலில் உருவாவது மெழுகுச் சிலைதான். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் கலவை இளக்கமாக இருக்கும்போதே ஸ்தபதி மூக்கையும் விரலையும் வடித்துவிடுவார். அதன்மேல் காவிரி வண்டல்மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் இறுகிய பிறகு உளியால் செதுக்கிச் சீராக்கலாம். ஆனால், அதற்கு நேரமும் உழைப்பும் அதிகம்.

நாய்க்குட்டிக்கும் அப்படி ஒரு மெழுகுப் பருவம் உண்டு. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய புத்தகம், இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை. ஏறக்குறைய 3ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் நல்லவிதமாகச் சந்திக்கிறதோ, அதையெல்லாம் ‘இது நம்மளோடது’ என்று ஏற்றுக்கொள்ளும். அந்தப் பருவத்தில் மனிதர்களையே பார்க்காத குட்டி, பிற்பாடு மனிதர்களைக் கண்டாலே பயப்படும். பயப்படும் நாய்தான் பெரும்பாலும் கடிக்கும் நாய்.

வெளிநாடுகளில் குட்டிகளுக்கென்றே வகுப்புகள் வந்தது இதனால்தான். முன்பெல்லாம் ஆறு மாதம் ஆன பிறகுதான் நாயைப் பயிற்சிக்குச் சேர்ப்பார்கள். பிரிட்டனில் பிறந்த கால்நடை மருத்துவர் இயன் டன்பார், 1980களில் கலிஃபோர்னியாவில் அந்த வழக்கத்தை மாற்றினார். சின்னக் குட்டிகளைக் கயிறு இல்லாமல் ஒன்றாக விளையாடவிட்டு, விளையாட்டுக்கு நடுவிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். அது இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பெருநகரங்களில் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கிறார்கள். நமக்கு வீட்டுத் திண்ணை போதும்.

அடித்தால் என்ன கற்றுக்கொள்ளும்?

கூடத்தில் சிறுநீர் போன குட்டியை இழுத்து வந்து, மூக்கை அதில் தேய்த்து, முதுகில் ஒன்று வைப்பது நம் ஊர் வழக்கம். குட்டிக்கு என்ன புரியும்? அது பத்து நிமிடத்துக்கு முன் செய்ததற்கும் இப்போது விழுந்த அடிக்கும் சம்பந்தம் இருப்பதே அதற்குத் தெரியாது. ‘இவர் பக்கத்தில் வந்தால் ஆபத்து’ என்பது மட்டும் பதியும். அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போய்ச் சிறுநீர் கழிக்கும். நாம் அதைத் ‘திருட்டுப் புத்தி’ என்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம், வீட்டில் நாயை எப்படி அடக்குகிறீர்கள், அதற்கு அது என்ன செய்தது என்று கேட்டார்கள். ‘அடித்தோம், உதைத்தோம்’ என்றவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது தாக்கியது என்றார்கள். 2020இல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், மிரட்டிப் பயிற்சி கொடுத்த பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்தத்தின் அடையாளங்கள் கூடுதலாகக் காணப்பட்டன.

‘ரோஷம் வரட்டும்’ என்று குட்டியைச் சீண்டுவதும், ‘காவலுக்குப் பழகட்டும்’ என்று நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் இதே கணக்குதான். நல்ல காவல் நாய்க்குத் தன் வீட்டு மனிதர் யார், அந்நியர் யார் என்று தெரியும். பயந்த நாய்க்கு எல்லோருமே அந்நியர்.

‘சபாஷ்’ மந்திரம்

எந்தச் செயலுக்குப் பலன் கிடைக்கிறதோ, அந்தச் செயல் திரும்ப நடக்கும். நல்லவிதமாகப் பழக்கும் முறைக்கு இதுதான் அடிப்படை. ஆனால், பலன் உடனே கிடைக்க வேண்டும். முட்டைத் துண்டை எடுத்து நீட்டுவதற்குள் குட்டி வேறு ஏதாவது செய்துவிடும் என்பதால், நடுவில் ஒரு சத்தத்தைப் பாலமாக வைக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் 1951இலேயே இந்த உத்தியைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதினார். டால்ஃபின்களுக்கு விசில் ஊதிப் பயிற்சி கொடுத்த கேரன் பிரையர், பிற்பாடு நாய்களிடம் இதைப் பிரபலமாக்கினார். அவர்கள் ‘டிக்’ என்று ஒலிக்கும் சின்னக் கருவி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு ‘சபாஷ்’ என்ற ஒரு சொல் போதும்.

முதல் நாள் வேறு எதுவும் சொல்லித்தர வேண்டாம். ‘சபாஷ்’ என்று சொல்லுங்கள், உடனே ஒரு துண்டு கொடுங்கள். பத்து முறை செய்தால், சொல்லைக் கேட்டதுமே குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும். பாலம் தயார்.

தீனி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, வெந்த கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எதுவானாலும் பாதி நிலக்கடலை அளவு போதும். சாக்லேட், வெங்காயம், திராட்சை கூடவே கூடாது. உலர்திராட்சை போட்ட பாயசத்தையும் பொங்கலையும்கூட ஆசைப்பட்டு வைத்துவிடாதீர்கள்.

திண்ணையில் நான்கு பாடங்கள்

ஒரு பாடத்துக்கு மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. குட்டிக்குச் சலிப்பு வருமுன் முடித்துவிட வேண்டும்.

உட்கார்: தீனியை மூக்குக்கு நேரே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். தலை நிமிரும்போது பின்பக்கம் தானாகத் தரையில் படியும். பட்ட நொடியில் ‘சபாஷ்’. முதுகை அமுக்க வேண்டாம். நாலைந்து முறை சரியாக வந்த பிறகு ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வா: வீட்டில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறிக் கூப்பிட்டு, வந்ததும் தீனி கொடுங்கள். ஒரு விதி, கூப்பிட்டு வந்த குட்டியை ஒருபோதும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை வராது. நடுரோட்டில் பஸ் வரும்போது இந்த ஒரு சொல்தான் அதன் உயிரைக் காப்பாற்றும்.

கழிப்பிடம்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லையில் ஒரே இடத்துக்குத் தூக்கிப்போங்கள். அங்கே போனதும், அந்த இடத்திலேயே ‘சபாஷ்’, ஒரு துண்டு. கூடத்தில் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். தவறு நேரத்தைக் கவனிக்காத நம்முடையது.

கடி: பல் முளைக்கும் குட்டி கடிக்கத்தான் செய்யும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் கழித்து, முடிச்சுப்போட்ட பழைய துண்டைக் கொடுங்கள். ‘கையைக் கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும்’ என்று அதுவாகக் கண்டுபிடிக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம்.

ஊரைக் காட்டுங்கள், ஊசியும் போடுங்கள்

சுவாமிமலையில் வளரும் குட்டி எதற்கெல்லாம் பழக வேண்டும்? மொட்டை போட்ட பக்தர்கள், காவடி, நாதஸ்வரம், தவில், பட்டறையில் உலோகத்தைத் தட்டும் ஓசை, ஹெல்மெட் போட்ட முகம், கைத்தடி ஊன்றும் தாத்தா, குடை, கதிர் அறுக்கும் இயந்திரம், வாத்துக் கூட்டம், தீபாவளி வெடி. எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, கையில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுங்கள். தவில் கேட்கும்போதெல்லாம் முட்டை கிடைத்தால், தவில் நல்லதுதான் என்று குட்டி முடிவுசெய்யும். பயந்து ஒடுங்கினால் இழுக்காதீர்கள், இன்னும் தள்ளிப் போங்கள்.

‘தடுப்பூசி முடியாமல் வெளியே கொண்டுபோகலாமா?’ என்ற கேள்வி நியாயமானது. பார்வோ கிருமி குட்டிகளைக் கொன்றுவிடும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பிக்கும். பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். முதல் ஊசி போட்டு ஒரு வாரமான குட்டியைச் சுத்தமான இடத்தில் நடக்கும் வகுப்புக்கு அழைத்து வரலாம் என்பது விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் சொல்லும் வழி. நம் ஊரில், ஊசிகள் முடியும்வரை தெருமண்ணில் இறக்கிவிடாமல் தோளில் வைத்துக் காட்டுவது பாதுகாப்பு. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். சந்தேகங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்துக்கென்றே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு.

பாடம் குழந்தைக்கும்தான்

சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக் கூடாது. கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. வாலை இழுக்கக் கூடாது. இந்த மூன்றையும் குட்டி வந்த அன்றே குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையில்லாமல் தனியே விடவே கூடாது.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அது அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் நாக்கை அறுத்துவிட்டால், அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும்.

கடி பட்டால், அது சின்னக் குட்டியின் கடியானாலும், நகக்கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சொல்லும் எல்லா நாள்களிலும் ஊசி போட்டு முடிக்க வேண்டும். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்பது கணக்கு. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. தடுப்பது முடியும்.

வளர்ந்த நாயை என்ன செய்வது?

‘எங்க வீட்டு நாய்க்கு மூணு வயசாச்சே’ என்பவர்கள் மனம் தளர வேண்டாம். நாய் எந்த வயதிலும் கற்கும். நாள் மட்டும் கூடுதலாகும். இந்தியத் தெருநாய்களை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வில் ஒரு சுவையான விஷயம் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரோடு திரும்பத் திரும்பப் பழகும்போது, சாப்பாடு கொடுத்தவரைவிடத் தடவிக்கொடுத்தவரிடமே அவை அதிகம் நம்பிக்கை வைத்தன. ஆனால், ஏற்கெனவே கடித்துப் பழகிய நாயை நீங்களாகத் திருத்த முயல வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நாயின் நன்றியைத் தமிழர்கள் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. சண்டையில் இறந்த வீரனோடு, கள்வர்களைக் கடித்து அவன் அருகிலேயே காத்து நின்ற ‘கோவிவன்’ என்ற நாயின் உருவமும் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் நிற்கிறது.

சுவாமிமலைக் கோயிலின் 60 படிகள் ஏறிப்போனால் அங்கே நிற்பவர், அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை. நாய்க்குட்டியும் சின்ன வாத்தியார்தான். பொறுமையாக இருக்கவும், சொன்ன சொல் மாறாமல் இருக்கவும், நல்லதைப் பார்த்தால் உடனே பாராட்டவும் ஒரு குடும்பத்துக்கே கற்றுக்கொடுத்துவிடும்.

அந்த ‘சபாஷை’ வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வப்போது சொல்லிப் பாருங்களேன்!