ஈறு ஒட்டு அறுவை: லேசரா, கத்தியா?

ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்கினால், மேலண்ணத்திலிருந்து மெல்லிய திசு ஒன்றை எடுத்து அங்கே வைத்துத் தைக்கிறார்கள். இதுதான் ஈறு ஒட்டு அறுவை. ‘லேசரில் ரத்தம் வராது, வலிக்காது, தையலும் வேண்டாம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, கத்தி பிடிக்கும் மருத்துவர் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. ஒட்டுத்திசுவை எடுப்பதற்கும் பொருத்துவதற்கும் இன்றைக்கும் கத்திதான் நம்பகமானது. அதற்கான காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது.

அண்ணத்திலிருந்து வெட்டியெடுத்த நொடியிலேயே அந்தத் திசுவின் ரத்தத் தொடர்பு அறுந்துபோகிறது. முதல் இரண்டு மூன்று நாள், சுற்றியுள்ள காயத்திலிருந்து கசியும் பிளாஸ்மாவை உறிஞ்சித்தான் அது உயிர் பிழைக்கிறது. புதிய தந்துகிகள் அதற்குள் நுழைவது அதன் பிறகுதான். பல் வேரின் பரப்பிலோ ரத்தக்குழாயே இல்லை. ஆகவே பக்கத்து ஈறும், மேலே இழுத்து மூடும் ஈற்று மடலும் மட்டுமே அதற்கு ஊட்டம் தர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வெட்டுமுகத்திலுள்ள செல்கள் உயிரோடு இருப்பது மிக முக்கியம். கூரான கத்தி அவற்றைச் சூடுபடுத்துவதில்லை. பல் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் டையோடு லேசரின் கதை வேறு. அதன் இழைமுனையைக் கார்க்கில் தொட்டுக் கருக்கிக்கொண்டு தொடங்குவது வழக்கம். சூடேறிய அந்த முனைதான் பெரும்பாலும் திசுவைப் பிளக்கிறது. சுமார் 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் புரதம் உறைந்துவிடும். ரத்தம் நிற்பதும் செல் சாவதும் அந்த ஒரே சூட்டினால்தான். ஒட்டுத்திசுவின் தடிமன் பொதுவாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர். இரு முகத்திலும் கால் மில்லிமீட்டர் வெந்தால், ஒரு மில்லிமீட்டர் திசுவில் பாதி போயிற்று. அடியிலுள்ள எலும்பையும் மறக்கக்கூடாது: 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படுவதை 1983-இல் வெளியான முயல் பரிசோதனைகள் காட்டின.

எல்லா லேசரும் இப்படிச் சுடுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2,940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் லேசரைத் திசுவிலுள்ள நீரே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் தெளித்தபடி வெட்டினால் சூடு ஆழமாக இறங்காது. ஆனால் சூடு குறையும்போது ரத்தத்தை நிறுத்தும் திறனும் குறைகிறது; விளம்பரம் சொன்ன முதல் நன்மையே கைநழுவுகிறது. வேரை லேசரால் பக்குவப்படுத்திவிட்டு ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. துருக்கியில் நியோடிமியம் லேசரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், லேசர் பட்ட வேர்களில் பலன் குறைவாகவே இருந்தது. வலியைப் பொறுத்தவரை, நோயாளியை அதிகம் வாட்டுவது அண்ணத்துக் காயம். மேற்தோலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உள்ளிருக்கும் இணைப்புத் திசுவை உருவியெடுக்கும் முறையை லாங்கர் இணையர் 1985-இல் விவரித்தார்கள். அதில் மேற்தோலை மூடித் தைத்துவிடலாம் என்பதால் பெரிய திறந்த புண் மிஞ்சுவதில்லை. கத்தியால் கிடைத்த இந்த ஆறுதலைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை என்பது வருத்தம்தான்.

லேசருக்கு வேலையே இல்லை என்பதல்ல. உதட்டை ஈறோடு பிணைக்கும் சவ்வு ஈறைக் கீழே இழுத்தால் அதை விடுவிக்கவும், கருத்த ஈறின் மேற்பரப்பை நீக்கவும் அது அருமையான கருவி; அங்கே வெட்டிய திசு பிழைக்க வேண்டிய அவசியமில்லை. திசுவை வெட்டாத குறைந்த ஆற்றல் ஒளியை அண்ணத்துப் புண்ணில் பாய்ச்சினால் அது விரைவாக ஆறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஈறுநோய்க்கான லேசர் சிகிச்சையையும் ஈறு ஒட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்ற லேசர் முறை, பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள நோய்ப்பைகளுக்கானது. வெளியே தெரியும் வேரை ஈறால் போர்த்துவதற்கானது அல்ல.

எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: திசுவை எங்கிருந்து எடுப்பீர்கள், எவ்வளவு தடிமனில், மடலை இழுவிசையின்றி எப்படி மூடுவீர்கள்? பல்லிடுக்கிலுள்ள எலும்பின் உயரத்தையும் கேளுங்கள். அது கரைந்திருந்தால் எந்தக் கருவியாலும் வேரை முழுமையாக மூட முடியாது. புகைப்பவராக இருந்தால், புதிய தந்துகிகள் நுழைய வேண்டிய அந்த முதல் சில வாரங்களாவது சிகரெட்டைத் தொடாமலிருப்பது, கருவியைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய உதவி.